நீல் தீவில் பாட்டா எத்தனை மணிக்கு?

அந்தமானின் நீல் தீவு படகுத்துறையில் இறங்கியதும் ஆட்டோக்காரரிடம், "நேச்சுரல் பிரிட்ஜ் போகலாமா?" என்று கேட்டேன். கடலோரத்தில் பாறையே பாலம் மாதிரி வளைந்து நிற்கும் இடம் அது. அவர் கடலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இப்ப முடியாது. பாட்டா வரணும்" என்றார் இந்தியில். என் மகள் உடனே தன் காலைப் பார்த்தாள். எனக்கும் செருப்புதான் ஞாபகம் வந்தது.

வங்காள மொழியில் 'பாட்டா' என்றால் கடல் உள்வாங்கும் நேரமாம். நீல் தீவில் பெரும்பாலும் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் குடும்பங்கள்தான். 2018-இல் தீவுக்கு ஷஹீத் த்வீப் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். ஆனால் ஆட்டோக்காரர் முதல் ஓட்டல்காரர் வரை எல்லோர் வாயிலும் நீல்தான்.

அவர் பேச்சைக் கேட்காமல் போனோம். பௌர்ணமி கழிந்து இரண்டாம் நாள், மதியம் பன்னிரண்டு மணி. பாறைகள் எல்லாம் தண்ணீருக்குள். பாலம் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியவில்லை. எலுமிச்சை ஜூஸ் குடித்துவிட்டுத் திரும்பினோம்.

சரி, சாயங்காலம் மறுபடி உள்வாங்குமே, அப்போது வரலாம் என்றால் அதுவும் ஆகாது. அன்று தண்ணீர் நன்றாக இறங்க ஐந்தரை ஆகும்; ஜனவரியில் அதற்குள் சூரியன் மறைந்துவிடும். அந்தமான் இருப்பது 93 டிகிரி தீர்க்கரேகையை ஒட்டி. கடிகாரமோ 82.5 டிகிரிக்கு வைத்த இந்திய நேரம். நம் சென்னையைவிட ஏறக்குறைய 50 நிமிடம் முன்னதாகவே அங்கே பொழுது சாய்கிறது. "ஆறு மணிக்கு மேல பீச்சுக்குப் போய்க்கலாம்" என்ற மெரினா கணக்கு இங்கே செல்லாது.

அன்று மாலை லக்ஷ்மண்பூர் கடற்கரையில் சூரிய அஸ்தமனம் மட்டும் பார்த்தோம். நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் காலை ஐந்தரைக்கெல்லாம் ஆட்டோ வந்துவிட்டது.

முந்தின நாள் கடல் இருந்த இடத்தில் இப்போது கரடுமுரடான பவளப்பாறைத் தரை, நடுநடுவே குட்டைகள். அதன் ஓரத்தில், நடுவில் பெரிய ஓட்டையோடு வளைந்து நிற்கிறது பாலம். ஹௌரா பாலம் என்றும் இதைச் சொல்கிறார்கள். வங்காளிகளுக்கு ஊர் நினைப்பு விடுமா? பாலத்தின் முன்னால் எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். உண்மையான வேடிக்கை காலடியில், அந்தக் குட்டைகளில் இருக்கிறது.

வழிகாட்டிப் பையன் ஒரு குட்டையருகே உட்காரச் சொன்னான். கல்லிடுக்கில் ஒரு பெரிய சிப்பி, வாய் திறந்தபடி. உதடு முழுக்க ஊதாவும் நீலமும் கலந்த வெல்வெட் துணி மாதிரி. அவன் கையை அதன் மேலே நீட்டினான், தொடவில்லை. நிழல் பட்டதுமே உதடு சுருங்கி ஓடு மூடிக்கொண்டது. மகள் மூன்று தடவை கையை நீட்டிப் பார்த்தாள். பக்கத்திலேயே கடல் அட்டை ஒன்று, பஞ்சர் கடையில் வெட்டிப் போட்ட டியூப் துண்டு மாதிரி கிடந்தது. செருப்பு விஷயம் கடைசியில் உண்மையாகிவிட்டது: ரப்பர் செருப்போடு போன நான் பாசியில் வழுக்கி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டேன். பின்வார் வைத்த சாண்டல் போட்டுப் போங்கள்.

பரத்பூர் கடற்கரைக்கு இதற்கு நேர்மாறான கணக்கு. அங்கே தண்ணீர் ஏறியிருந்தால்தான் குளிக்கவும் கண்ணாடி அடித்தளப் படகில் போகவும் சுகம். அன்று மதியம் போனோம். கீழே மீன்கள் கொள்ளை அழகு. பவளம் பல இடங்களில் வெளுத்து செத்துக் கிடக்கிறது. விளம்பரப் படங்களை நம்பிப் போகாதீர்கள்.

கடல் ஏறி இறங்கும் நேரம் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். ஆகவே அறை, ஃபெர்ரி எல்லாம் பதிவு செய்வதற்கு முன்பே போர்ட் பிளேரின் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) ஓத நேரத்தை, அதாவது கடல் ஏறி இறங்கும் நேரத்தை, இணையத்தில் பார்த்துவிடுங்கள். கிளிஞ்சல், பவளத் துண்டு எதையும் பையில் போடாதீர்கள். விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். கையில் ரொக்கம் இருக்கட்டும்.

சீதாபூர் கடற்கரையின் சூரிய உதயம் எங்களுக்குத் தப்பிவிட்டது. இருந்ததே ஒரு விடியற்காலை, அதைப் பாலத்துக்குக் கொடுத்துவிட்டோம்.