ஊதா மை

24 பிப்ரவரி 2025, திங்கள்

அம்மாவுக்குக் கதிர் சிகிச்சை. ஒன்று முடிந்தது. இன்னும் 24.

போய்வர மூன்று மணி நேரம். அம்மா உள்ளே இருந்தது பத்து நிமிடம். வெளியே வந்ததும், "அவ்வளவுதானாட்டி? ஒண்ணுமே தெரியலியே" என்றாள். சிஸ்டர் கதவுவரை வந்து சொல்லி அனுப்பினார். தோலில் மையால் போட்ட கோடுகள் அழியக் கூடாது, அந்த இடத்தில் பவுடர் போடக் கூடாது, தொளதொளவென்று பருத்தித் துணிதான் போட வேண்டும். "துவைக்கிறதுக்கு மைல்டா ஏதாவது வாங்கிக்கோங்க, வாசனை இல்லாததா."

மைல்டா ஏதாவது. வீட்டுக்கு வந்ததும் வாஷிங் மெஷின் மேல் இருக்கும் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். எடை, விலை, எத்தனை ஸ்பூன் போட வேண்டும் என்பதெல்லாம் இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரி இல்லை. பதினோரு வருடமாக இதைத்தான் வாங்குகிறேன்.

25 பிப்ரவரி, செவ்வாய்

2.

ஜாக்கெட்டில் இடது கைக்குழிக்குக் கீழே ஊதாக் கறை, ஒரு விரல் நீளம். கோடு போட்ட மை வியர்வையில் இறங்கியிருக்கிறது. அம்மா அதை நாலாக மடித்து வாளியின் அடியில் செருகி வைத்திருந்தாள், நான் பார்க்கக் கூடாதென்று.

26 பிப்ரவரி, புதன்

சிவராத்திரி. அங்கே லீவு.

கடைக்குப் போனோம். பாப்பாவும் கூட வந்தாள். டிசம்பரிலிருந்து அவளுக்கு ஒரு சபதம்: முயலைக் கஷ்டப்படுத்தி வந்த எதுவும் நம் வீட்டுக்குள் வரக் கூடாது. பற்பசை, ஷாம்பூ எல்லாம் அவள் பார்த்துச் சரி என்ற பிறகுதான் வாங்குகிறோம். துணித் தூள் விட்டுப்போயிருந்தது. இன்று அதையும் பிடித்துக்கொண்டாள். பாட்டி தோலுக்கு ஒத்துக்கொள்ள வேண்டும், முயலுக்கும் கேடு இருக்கக் கூடாது. சர்ஜாபூர் ரோட்டுக் கடையில் முக்கால் மணி நேரம் நின்றோம். ஒரு பாட்டிலில் இலைப் படம், ஒன்றில் குழந்தைப் படம். முயல் படம் இருந்த ஒரே பாட்டிலில் லாவெண்டர் வாசனை.

வெறுங்கையோடு வந்தோம்.

27 பிப்ரவரி

3. அம்மா சாப்பிட்டாள். ரசம் சாதம், இரண்டு முறை கேட்டு.

28 பிப்ரவரி, வெள்ளி, இரவு

4. தூக்கம் வரவில்லை.

பாப்பா ஏன் முயல், முயல் என்கிறாள் என்று இன்றுதான் உட்கார்ந்து படித்தேன். ட்ரெய்ஸ் சோதனை. 1944-இல் அமெரிக்க அரசின் உணவு மருந்துத் துறையில் இருந்த ஜான் ட்ரெய்ஸ் என்பவர் வகுத்த முறை. முயலின் ஒரு கண்ணில் பொருளை விடுவார்கள், மற்றக் கண்ணை ஒப்பிட்டுப் பார்க்க அப்படியே விட்டுவைப்பார்கள். சிவப்பு, வீக்கம், புண் என்று மதிப்பெண் போடுவார்கள். தோலுக்கும் இப்படித்தான், ரோமத்தை மழித்துவிட்டுத் தடவிப் பார்ப்பது. முயலுக்குக் கண்ணீர் குறைவு. விட்டது எளிதில் கழுவிக்கொண்டு போகாது.

மழித்த இடம், சிவப்பு, மதிப்பெண். அம்மாவுக்கும் வாரம் ஒருமுறை டாக்டர் பார்த்து 0, 1, 2 என்று எழுதுகிறார். இதற்கு மேல் படிக்க முடியவில்லை, மூடிவிட்டேன்.

இந்தியாவில் 2014-இல் அழகுசாதனப் பொருட்களை விலங்குகளிடம் சோதிப்பதைத் தடை செய்தார்கள். அதே வருடம் நவம்பரில், அப்படிச் சோதித்தவற்றை இறக்குமதி செய்வதற்கும் தடை வந்தது. பாப்பாவின் ஷாம்பூ அந்தச் சட்டத்துக்குள் வரும். துணித் தூள் அழகுசாதனம் இல்லை, வராது. அதனால் கம்பெனிக்காரர்களிடம் நாம்தான் கேட்க வேண்டும். 'நாங்கள் சோதிப்பதில்லை' என்று ஒரு வரி போட்டுவிட்டால் போதாது. அவர்கள் டப்பாவைச் சோதித்திருக்க மாட்டார்கள், உள்ளே போகும் பொருளை விற்றவன் சோதித்திருக்கலாம். விலங்குகளிடம் சோதிக்காத பொருளுக்கு லீப்பிங் பன்னி என்ற முயல் முத்திரை தருகிறவர்கள் அந்தச் சப்ளையர் வரைக்கும் போய்க் கேட்கிறார்கள். அது இல்லாமல் தாங்களே ஒரு முயலை வரைந்து போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு.

மணி ஒன்றரை. அம்மா இருமுகிறாள்.

1 மார்ச், சனி

ஐந்து கம்பெனிகளுக்கு மெயில் அனுப்பினேன். மூன்று கேள்விகள். முடிந்த பொருளையோ, உள்ளே போகும் எதையுமோ விலங்குகளிடம் சோதித்தீர்களா, உங்களுக்காக வேறு யாராவது சோதித்தார்களா? மாட்டுக் கொழுப்பிலிருந்து வந்தது ஏதாவது சேர்கிறதா? வாசனைத் திரவியம், வெளுப்பேற்றி, என்சைம் உண்டா?

இரண்டாவது கேள்வி கண்டிஷனரால் வந்தது. துணியை மெத்தென்று ஆக்கும் அந்த நீலத் திரவத்தில் பல காலமாக மாட்டுக் கொழுப்பிலிருந்து செய்த உப்புகள்தான் முக்கியச் சரக்கு. இப்போது தாவர எண்ணெயிலிருந்தும் செய்கிறார்கள். எது எந்தப் பாட்டிலில் என்று வெளியிலிருந்து தெரியாது. எங்கள் பாட்டிலைப் பாதியோடு மூடி ஓரமாக வைத்தேன். அம்மா அந்த நாற்றம் தாங்கவில்லை என்று போன மாதமே சொன்னாள். மற்றவர்களுக்கெல்லாம் அது வாசனை. அவளுக்கு மட்டும் இப்போது எல்லாமே நாற்றம்.

3 மார்ச், திங்கள்

5. ஒரு பதிலும் வரவில்லை.

4 மார்ச், செவ்வாய்

6.

திரும்பும்போது அவென்யூ ரோட்டில் கிரந்திகே அங்கடியில், அதாவது நாட்டு மருந்துக் கடையில், பூந்திக்கொட்டை அரைக் கிலோ வாங்கினேன். கன்னடத்தில் அண்டுவாளகாயி. விதை எடுத்தது. முயலும் வேண்டாம், கம்பெனியும் வேண்டாம், மரத்தில் காய்த்தது என்று சந்தோஷமாக இருந்தது.

பத்து ஓட்டைக் கொதிக்க வைத்தேன். தேன் நிறத்தில் கஷாயம், மேலே மெல்லிய நுரை, புளிப்பாக ஒரு வாடை. அம்மா நாற்காலியைச் சமையலறை வாசலில் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். "இதுல பட்டும் நகையும்தான் அலசுவோம். வெள்ளத்துணிக்கு ஆகாது, பழுப்பு ஏறும்." பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு, "எங்க தாத்தா காலத்துல இதை இடிச்சுக் குட்டையில போடுவாக. மீனெல்லாம் மயங்கி மேல மெதக்கும்" என்றாள்.

அந்த நுரையைத் தருவது சபோனின். மீனின் செவுளை அது தாக்கும். பாப்பாவின் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. கஷாயத்தைச் சாக்கடையில் ஊற்றாதே, செடிக்கு ஊற்று என்றாள். ஊற்றினோம்.

5 மார்ச்

7. பழுப்பு ஏறியிருக்கிறது. அம்மா சொன்னது சரி.

6 மார்ச், வியாழன்

8. தோல் லேசாகச் சிவந்திருக்கிறது, வெயிலில் நின்ற மாதிரி. டாக்டர் 1 என்று எழுதினார்.

துணியைத் தொட்டுப் பார்த்தேன். சொரசொரவென்று இருக்கிறது. சோப்பின் தப்பா, தண்ணீரின் தப்பா? மீன் தொட்டிக் கடையில் தண்ணீரின் கடினத்தன்மையைச் சோதிக்கும் சொட்டு மருந்து வாங்கி வந்து, குழாய்த் தண்ணீரில் எண்ணி விட்டேன். 520. குடிதண்ணீருக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம்வரை இருந்தால் நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 600வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. எங்கள் போர்வெல் அந்த மேல்வரம்பை நெருங்கி நிற்கிறது. இந்த நீரில் கட்டிச் சோப்பு போட்டால் கால்சியத்தோடு சேர்ந்து திரிந்த பால் மாதிரி திப்பியாகிவிடும், நூல் இடுக்கில் ஒட்டிக்கொண்டு காயும். அப்படியானால் 'சுத்தமான பழைய கால சோப்பு' என்று நான் தேர்ந்தெடுத்து வைத்திருந்ததும் போச்சு.

பெங்களூருக்குக் காவிரித் தண்ணீர் கொண்டுவரும் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் அக்டோபரில் தொடங்கியாகிவிட்டது, நகரத்தோடு சேர்ந்த 110 கிராமங்களுக்கு என்று. நாங்களும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறோம். எங்கள் கட்டடத்துக்கு இணைப்பு வரவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். "குறுக்குத்துறையில சோப்பைக் காட்டினாலே நுரைக்கும்" என்றாள். தாமிரபரணியைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவள் குரல் பழையபடி இருக்கிறது.

7 மார்ச்

9. ஒரு கம்பெனியின் பதில்: 'தங்கள் அக்கறைக்கு நன்றி. எங்கள் பொருட்கள் அனைத்துத் தரங்களுக்கும் உட்பட்டவை.' மூன்று கேள்விகளுக்கும் சேர்த்து இதுதான்.

8 மார்ச், சனி

மேல்வீட்டுக்காரர் மெடிக்கல் ஷாப்பில் கள்ளநோட்டு பார்க்கும் டார்ச் ஒன்று இருக்கிறது. வாங்கி வந்து பாத்ரூமில் விளக்கை அணைத்துவிட்டு, பாப்பாவும் நானும் துணி ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அம்மாவின் வெள்ளை ஜாக்கெட் நீலமாகப் பற்றி எரிந்தது. என் துப்பட்டா, பாப்பாவின் யூனிபார்ம், இவர் பனியன், தலையணை உறை எல்லாமே அப்படித்தான். ஊரிலிருந்து கொண்டுவந்து இன்னும் தூளே படாத ஈரிழைத் துண்டு மட்டும் இருட்டில் இருட்டாகவே கிடந்தது.

வெளுப்பேற்றி அது. அழுக்கை எடுப்பதில்லை. துணியிலேயே தங்கி, கண்ணுக்குத் தெரியாத ஒளியை வாங்கி நீலமாகத் திருப்பித் தருகிறது. நாம் அதைச் சுத்தம் என்று நினைத்துக்கொள்கிறோம். அலசினால் போகாது, போகாமல் இருப்பதுதான் அதன் வேலை. அது அந்தச் சிவப்பின் மேல் பகலும் இரவும் உரசிக்கொண்டு இருந்திருக்கிறது. தோலுக்குக் கெடுதல் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஆனால் வேண்டாம்.

ஈரிழைத் துண்டை வெட்டி மார்பில் போட்டுக்கொள்ளத் துணி தைத்தேன். நாலு.

10 மார்ச், திங்கள்

10.

"பாட்டி மருந்தும் முயலுக்குக் குடுத்துப் பாத்துட்டுத்தானே வந்திருக்கும்?" காரில், திடீரென்று. பெள்ளந்தூர் ஏரி பக்கம் சிக்னலில் நின்றோம். அம்மா கண்ணை மூடியிருந்தாள், தூங்கவில்லை.

"ஆமா" என்றேன்.

சிக்னல் விழுந்தது. அதற்குப் பிறகு அவள் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து, பதில் வராத நாலு கம்பெனிக்கும் இன்னொரு மெயில் தானே தட்டினாள். மருந்தில் எங்களுக்கு வேறு வழி கிடையாது. இதில் இருக்கிறது.

11 மார்ச்

11. அம்மா பேசவில்லை.

12 மார்ச், புதன்

12.

அந்த ஏரியைத் தினமும் இரண்டு முறை தாண்டுகிறோம். 2015-இல் யமலூர் பக்கம் நுரை காற்றில் கிளம்பி ரோட்டுக்கே வந்தது. வண்டிக்காரர்கள் முகத்தைப் பொத்திக்கொண்டு போனார்கள். 2017 பிப்ரவரியில் ஏரியே எரிந்தது. சாக்கடைத் தண்ணீரும் துணித் தூளும்தான் அந்த நுரைக்குக் காரணம் என்றார்கள். அப்போது பாப்பா கைக்குழந்தை, ஒரு நாளைக்கு மூன்று ஈடு துணி துவைத்தேன். நிறைய நுரை வந்தால்தான் மனசு ஆறும். நுரைக்கும் அழுக்கு போவதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை என்று இந்த இரண்டு வாரத்தில்தான் தெரிந்துகொண்டேன். அந்த ஏரியில் என் பங்கும் இருக்கிறது.

13 மார்ச், வியாழன்

13. போன் வந்தது! சின்னக் கம்பெனி, இந்த ஊர்தான். தயாரிக்கிற பெண்ணே பேசினார், நாற்பது நிமிடம். அழுக்கெடுப்பது தேங்காயிலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் எடுத்த குளூக்கோசைடு. கொழுப்பு இல்லை, வெளுப்பேற்றி இல்லை. வாசனை சேர்க்காத ஒரு வகை தனியாக உண்டு. 'அன்சென்டட்' என்று எழுதியிருந்தாலே நம்பாதீர்கள், வாடையை மறைக்க வேறொரு வாசனை போட்டிருப்பார்கள் என்றார். என்சைம் ஏன் இல்லை என்று கேட்டேன். ரத்தம், பால் போன்ற புரதக் கறையைத் தின்னும் என்சைம் பட்டையும் கம்பளியையும் கூடத் தின்னும், அவையும் புரதம்தானே என்றார். சப்ளையர்களின் கடிதங்களை ஸ்கேன் செய்து அனுப்புவதாகச் சொன்னார்.

பதப்படுத்தியைப் பற்றியும் கேட்டேன். திரவமாக இருந்தால் கெடாமல் இருக்க ஏதாவது வேண்டும். பலர் போடும் மெத்தில் ஐசோதயாசோலினோன் என்பதற்கு அலர்ஜி வருகிறவர்கள் அதிகம். அமெரிக்கத் தோல் அலர்ஜி மருத்துவர் சங்கம் 2013-இல் 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று அதைத்தான் அறிவித்தது. அவர் அதைப் போடுவதில்லை.

லிட்டர் 420 ரூபாய். சொல்லிவிட்டேன்.

14 மார்ச்

14. கடிதங்கள் வந்தன. மூன்று சப்ளையர், மூன்று கையெழுத்து. பாப்பா ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். சரி என்றாள்.

16 மார்ச், ஞாயிறு

பாட்டில் வந்தது. தண்ணீர் மாதிரி இருக்கிறது. மூக்கருகில் வைத்தேன், ஒன்றும் இல்லை. அம்மாவிடம் நீட்டினேன். நேரம் எடுத்து முகர்ந்துவிட்டு, "ஒண்ணும் வரலியே" என்றாள். அவள் முகம் சுளிக்காமல் ஒரு பொருளை முகர்ந்து பத்து வாரம் இருக்கும்.

அரை மூடிதான் ஊற்றினேன். அதிகம் போட்டால் துணியிலேயே நின்றுவிடும். இரண்டு முறை அலசினேன். இரண்டாவது அலசலுக்கு அம்மா சண்டைக்கு வந்தாள்: "டேங்கர் தண்ணிய இப்படிக் கொட்டலாமா?" அந்தத் தண்ணீரைப் பிடித்து வராந்தா கழுவினாள், நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல. வலது கையாலேயே.

ஊதாக் கறை போகவில்லை. வெளிறி ஊமத்தம்பூ நிறத்துக்கு வந்திருக்கிறது. கொடியில் அந்த ஜாக்கெட்டின் மேல் துண்டைப் போட்டு மறைத்திருந்தாள். நான் எடுத்துவிட்டேன். மறுபடி போட்டாள்.

17 மார்ச்

15.

18 மார்ச், செவ்வாய்

16. தோலில் அரிப்பு குறைந்த மாதிரி இருக்கிறது என்றாள். நான் சந்தோஷப்படுவேன் என்று சொன்னாளா, நிஜமாகவே குறைந்ததா?

19 மார்ச்

மெஷின் ரிப்பேர். ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். ஒரு நாள் தள்ளிப்போகிறது.

20 மார்ச், வியாழன்

17. கொடியில் துண்டு இல்லை. ஜாக்கெட் கறையோடு வெயிலில் கிடக்கிறது.

21 மார்ச், வெள்ளி

18.

கைக்குழியில் தோல் உரிந்திருக்கிறது, ஒரு ரூபாய் அகலம், ஈரமாக. தைத்த துணி ஒட்டிக்கொண்டது, உப்புநீர் விட்டு நனைத்து எடுத்தேன். டாக்டர் இன்று வரவில்லை, திங்கள்தான். சிஸ்டர் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார், அனுப்பியிருக்கிறேன். நாலு துணியையும் துவைத்துப் போட்டாயிற்று. மழை மூட்டமாக இருக்கிறது, இரண்டுதான் காய்ந்திருக்கின்றன. மற்ற இரண்டையும் ஃபேனுக்கு அடியில் போட்டிருக்கிறேன்.