நிறுத்திய பிறகு வரும் கோளாறு

காலையில் செல்ஃப் தொட்டவுடன் ஸ்டார்ட் ஆகிற வண்டி, நன்றாக ஓடிச் சூடேறி நின்ற பிறகு மட்டும் பற்ற மறுக்கும் கோளாறை நான் ஒழுங்காகப் புரிந்துகொண்டது, சேலத்துப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த ஆறாவது ஆண்டில்தான். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் பழைய கார் அது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்ப்பரேட்டர் வைத்தது. மகளைப் பார்க்க மாதம் இருமுறை 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி ஏற்காடு போவார். மேலே டீ குடிக்க நிறுத்திவிட்டுப் பத்து நிமிடத்தில் திரும்பி வந்தால் செல்ஃப் சுற்றும், எஞ்சின் பற்றாது. முக்கால் மணி நேரம் காத்திருந்தால் தானாகக் கிளம்பிவிடும்.

பிளக்கின் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் சூட்டில் பலவீனமாவது உண்டு என்பதால் முதலில் காயிலையும் அதோடு வேலை செய்யும் கண்டென்சரையும் மாற்றினேன். அடுத்த முறை பெட்ரோல் பம்ப்பை மாற்றினேன். இரண்டு முறையும் மறுநாள் காலை, ஆறிப்போன எஞ்சினை ஸ்டார்ட் செய்து பார்த்துத்தான் வண்டியை ஒப்படைத்தேன். மூன்றாம் முறை வந்தபோதும் அவர் கோபப்படவில்லை. "பரவாயில்லை தம்பி, நிதானமா பாருங்க" என்றார். அது எனக்குத் திட்டைவிட அதிகமாக உறைத்தது.

பட்டறையின் மூத்த மெக்கானிக் அண்ணன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "வண்டி நின்ன அந்தப் பத்து நிமிஷத்துல உள்ள என்ன நடக்குதுன்னு பாத்தியா?"

சித்திரை வெயிலில், நண்பகலில், ஆசிரியரையே ஓட்டச் சொல்லி மலையேறினோம். நிறுத்தியதும் ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்ப்பரேட்டரின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நிமிடம் வரை எதுவுமில்லை. பிறகு, உலைநீர் கொதிக்கத் தொடங்கும்போது கேட்பதுபோல் மெல்லிய சத்தம் எழுந்தது. பெட்ரோல் வெளிவரும் மெயின் நாசிலின் முனையில் ஒரு துளி திரண்டு, அடியில் காற்றுவழியை மூடியிருந்த திராட்டில் தகட்டின்மேல் சொட்டியது. அடுத்து இன்னொன்று. பெட்ரோல் வாடை முகத்தில் அடித்தது. பிளக்கைக் கழற்றினால் கருத்து, நனைந்திருந்தது.

ஓடும்போது உள்ளே வரும் காற்றும் புதுப் பெட்ரோலும் கார்ப்பரேட்டரைக் குளிர்த்துக்கொண்டே இருக்கும். எஞ்சின் நின்றதும் அந்தக் குளிர்ச்சி நின்றுவிட, எஞ்சினோடு இணைந்த குழாயான மேனிஃபோல்டின் சூடெல்லாம் மேலேறி, கார்ப்பரேட்டரின் சிறு தொட்டியான ஃப்ளோட் சேம்பரில் நிற்கும் பெட்ரோலைக் கொதிக்கவைக்கிறது. பெட்ரோலின் லேசான பகுதிகள் சுமார் 40 டிகிரியிலேயே ஆவியாகக்கூடியவை. 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமும் குறைவு என்பதால் வேலை இன்னும் சீக்கிரம் நடக்கிறது. எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டிய இடத்தில் பெட்ரோல் மிதமிஞ்சிப் போனால், தீப்பொறி எவ்வளவு நன்றாக இருந்தும் கலவை பற்றாது. லைனிலோ பம்ப்பிலோ ஆவி அடைத்திருந்தால் பிளக் உலர்ந்திருக்கும். முதல் நாளே சூட்டோடு ஒரு பிளக்கைக் கழற்றியிருந்தால் அவருக்குக் காயில் செலவும் இல்லை, பம்ப் செலவும் இல்லை.

இந்தக் கார் மட்டும் ஏன் இப்படிச் செய்தது என்பதற்கும் கழற்றியதும் விடை கிடைத்தது. கார்ப்பரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே, சூட்டைத் தடுக்க இருக்க வேண்டிய தடித்த பேக்கலைட் துண்டை யாரோ எப்போதோ எடுத்துவிட்டு, வெறும் பேப்பர் பேக்கிங் போட்டு முறுக்கியிருந்தார்கள். ஃப்ளோட் சேம்பரில் பெட்ரோல் மட்டமும் உயர்ந்திருந்தது, அதற்குள் பெட்ரோல் வரத்தை நிறுத்தும் நீடில் வால்வின் முனையும் தேய்ந்திருந்தது. பேக்கலைட் துண்டைப் போட்டு, நீடிலை மாற்றி, மட்டத்தை இறக்கினேன்.

கூடவே ஆசிரியருக்கு ஒரு பழக்கத்தையும் மாற்றச் சொன்னேன். ஸ்டார்ட் ஆகாதபோதெல்லாம் அவர் காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் சோக்கை இழுத்து, ஆக்சிலேட்டரைத் திரும்பத் திரும்ப மிதித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மிதிக்கும் ஆக்சிலேட்டர் பம்ப் இன்னும் கொஞ்சம் பெட்ரோலை உள்ளே பீய்ச்சும். சூடான எஞ்சினுக்குச் சோக் வேண்டாம், ஆக்சிலேட்டரை முழுதும் அழுத்தியபடியே பிடித்துக்கொண்டு செல்ஃப் போடுங்கள், காற்று நிறையப் போய் உள்ளே இருப்பதை வெளியேற்றும் என்றேன். காலையில் சோக் போடச் சொல்லிக் கொடுத்ததே நாங்கள்தான் என்பதால், அந்தத் தவறில் எங்களுக்கும் பங்கு இருந்தது.

2020 ஏப்ரலில் புகை மாசைக் கட்டுப்படுத்தும் பி.எஸ். 6 விதி வந்தபின் புது வண்டிகளில் கார்ப்பரேட்டரைக் காண்பது அரிதாகிவிட்டது. ஆனாலும் பழைய வண்டிகள் இந்தப் புகாரோடு இன்னும் வருகின்றன. சாவியை வாங்கி வைக்காமல், வாடிக்கையாளரைப் பக்கத்தில் உட்காரவைத்து அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வருகிறேன். பிளக் ஸ்பேனரும் டார்ச்சும் சீட்டுக்கு அடியிலேயே இருக்கின்றன. ஆசிரியரின் பழைய காயிலைச் சோதித்ததில் ஒரு குறையும் இல்லை. அதை அவர் காரிலேயே திரும்ப மாட்டி, புதியதன் விலையைக் கையில் கொடுத்தேன்.