ஆயிரம் தடவை போட்டால்

"அப்படியென்றால் என் புளியமுத்து தப்பா, டீச்சர்?"

"முத்து தப்பில்லை. நீ போட்டது குறைவு. ஆயிரம் தடவை போட்டால் அதுவும் பாதிக்குப் பாதி வந்துவிடும்."

கேட்டது நான்காம் வகுப்புச் சிறுமி. பதில் என்னுடையது. மூன்று வாரமாக அந்தக் கடைசி வாக்கியம் என்னை விடுவதாக இல்லை.

தாயம் விளையாட ஒரு பக்கம் தரையில் உரசி வெள்ளையாக்கிய புளியமுத்துகளைப் பிள்ளைகள் கொண்டுவந்திருந்தார்கள். ஆளுக்கு ஒன்று, நாற்பது தடவை. வெள்ளைக்கும் கறுப்புக்கும் தனித்தனியாகக் கோடு. அவளுக்கு வெள்ளை 27, பக்கத்துப் பையனுக்கு 16. எனக்கு வேண்டியதோ பாதி. பாடவேளை முடிய பத்து நிமிடம்கூட இல்லை. ஸ்மார்ட் போர்டில் நாணயம் சுண்டும் செயலியைத் திறந்து 1,000 என்று தட்டினேன். தலை 507, பூ 493. பிள்ளைகள் கைதட்டினார்கள். அவள் மட்டும் தன் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உருட்டியது புளியமுத்து, திரையில் விழுந்தது நாணயம். ஒன்றின் கணக்கை இன்னொன்றின் தலையில் கட்டினேன். ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகி, மறுபக்கம் புடைத்திருக்கும் முத்து ஏன் சரிபாதியாக விழ வேண்டும்? திரையும் எதையும் சுண்டவில்லை. தலைக்குப் பாதி, பூவுக்குப் பாதி என்று செயலியை எழுதியவர் உள்ளே வைத்ததுதான் வெளியே வந்தது. அதைச் சாட்சியாக நிறுத்திக் குழந்தையின் கையைப் பொய்யாக்கியிருக்கிறேன்.

ஜான் கெர்ரிச் என்ற கணிதவியலாளர் இரண்டாம் உலகப்போரின்போது டென்மார்க்கில் காவலில் இருந்த நாட்களில் 10,000 தடவை நாணயம் சுண்டினார்; தலை 5,067. இதைப் பல வகுப்புகளில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அதே மனிதர் ஒரு பக்கம் ஈயம் பூசிய வட்ட மரத்துண்டையும் சுண்டிப் பார்த்தார், அது பாதிக்குப் பாதி விழவில்லை என்பதை மட்டும் சொன்னதே இல்லை. அவள் கையில் இருந்தது அந்த மரத்துண்டு மாதிரிதானே!

என் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. நிகழ்தகவு என்ற சொல்லே நம் பாடநூலில் ஒன்பதாம் வகுப்பில்தான் வருகிறது. சமவாய்ப்பு புரியாத வயதில் சமமில்லாததைப் பேசினால் வகுப்பு கலைந்துவிடும். நாற்பது தடவை போதாது என்று சொன்னதும் பொய்யில்லை. அந்த 27கூட வெறும் தற்செயலாக இருக்கலாம். ஆனால் இதெல்லாம் பிறகு வீட்டில் யோசித்துக் கண்டுபிடித்த நியாயங்கள். அந்த நிமிடத்தில் எனக்கு இருந்தது ஒரே எண்ணம், மணி அடிப்பதற்குள் முடிக்க வேண்டும்.

"எந்த முத்து அதிகம் வெள்ளை விழும்?" என்று கேட்டிருந்தால் பிள்ளைகளே பாடம் நடத்தியிருப்பார்கள். தாயம் ஆடுகிறவர்களுக்கு அது தெரியாதா?

மறுவாரம் திருத்திச் சொல்லிவிட நினைத்துதான் போனேன். திரையைப் பார்த்ததும் பிள்ளைகள், "ஆயிரம் போடுங்கள், டீச்சர்!" என்று கத்தினார்கள். போட்டேன்.

நேற்று மதிய இடைவேளையில் வராந்தாவில் தாயம் நடந்தது. அவள் அந்த முத்தைப் பென்சில் டப்பாவிலிருந்து தனியாக எடுத்தாள். என்னைப் பார்த்ததும் கைக்குள் மூடிக்கொண்டாள்.