உள்ளே விட்ட துணி

மதுரை புதுமண்டபத்தில் அப்பா முப்பது வருஷம் மெஷின் மிதித்தார். பேன்ட் தைத்தால் பின்பக்கத் தையலில் இரண்டு விரல் துணியை உள்ளே விட்டுத்தான் தைப்பார். "வயிறு வளரும்டா, அளவு கொடுக்க வர்றவன் அதை நெனைச்சுப் பார்க்க மாட்டான், நாமதான் பார்க்கணும்" என்பார். 2004-இல் மனைவிக்கு இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் நர்ஸ் வேலை கிடைத்து நானும் கூடப் போனபோது, என்னிடம் இருந்த ஒரே தொழில் அவரிடம் கற்றுக்கொண்ட இதுதான். அங்கே ஒரு சூட் கடையின் கீழ்த்தளத்தில் ஆல்ட்ரேஷன் வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டு மெஷின், ஒரு நீராவி இஸ்திரி, ஒரு நீள மேசை, தலைக்கு மேல் குழல்விளக்கு. பதினாறு வருஷம் அந்த அறையில் இருந்தேன். பிரிட்டிஷ் ஆண்களின் உடுப்பு பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி, தையலைப் பிரித்தபோது தெரிந்துகொண்டது.

மீதிப் பாதியைச் சொல்லித் தந்தது எதிர் மெஷினில் இருந்த அம்மா. அவருக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது இருக்கும். யார்க்‌ஷயர்க்காரர்கள் எல்லாரையும் கூப்பிடுகிற மாதிரி என்னையும் "லவ்" என்றுதான் கூப்பிடுவார், முதல் வாரம் எனக்கு முகம் சிவந்துபோனது. பதினைந்து வயதில் பள்ளியை விட்ட அடுத்த திங்கட்கிழமையே ஹட்சன் ரோட்டில் பர்ட்டன் தொழிற்சாலையில் சேர்ந்தவர். எனக்கு அந்தப் பெயர் கடைத்தெருவில் இருந்த ஒரு கடையாக மட்டும்தான் தெரியும், டி-ஷர்ட்டும் ஜீன்ஸும் தொங்குகிற சாதாரணக் கடை. அவர் சொல்லச் சொல்லத்தான் புரிந்தது, நான் தினமும் பஸ்ஸில் கடந்து போன பெயருக்குப் பின்னால் ஒரு காலத்தில் ஐரோப்பாவிலேயே பெரிய துணி தைக்கும் ஆலை இருந்திருக்கிறது என்று. 1921-இல் வாங்கிய இடம். நன்றாக ஓடிய நாட்களில் 10,000 பேருக்கு மேல் வேலை செய்தார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் ஒரே நேரத்தில் 8,000 பேர் உட்காரலாம். எங்கள் ஊர்க் கல்யாண மண்டபங்களில் பந்தி பார்த்தே வளர்ந்தவன் நான், எனக்கே அந்த எண்ணைக் கற்பனை செய்ய முடியவில்லை.

அந்த ஆலையைக் கட்டியவர் லிதுவேனியாவில் ஒரு யூதக் குடும்பத்தில் 1885-இல் பிறந்த மெஷே டேவிட் ஒசின்ஸ்கி. 1900-இல், பதினைந்து வயதில், தனியாக இங்கிலாந்து வந்தார். செஸ்டர்ஃபீல்டில் ஒரு சின்னக் கடை போட்டு, பின்னால் மான்டேகு பர்ட்டன் என்று பெயர் மாற்றிக்கொண்டார். 1952-இல் லீட்ஸில் ஒரு விருந்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே இறந்துபோனார். அப்போது நாடு முழுக்கச் சுமார் 600 கடைகள் அவர் பெயரில் இருந்தன. இன்னொரு தேசத்தில் பிறந்த ஒரு பையன் வந்து, இந்த நாட்டு ஆண்கள் கல்யாணத்துக்கும் இழவுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் என்ன போட வேண்டும் என்று தீர்மானித்திருக்கிறான். இதைக் கேட்ட அன்று நான் மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது, குளிர் இன்னும் பழகவில்லை, பேசினால் பாதிப் பேருக்கு என் இங்கிலீஷ் புரியாத காலம் அது.

பழைய பர்ட்டன் கடைக் கட்டிடங்களை இன்றும் பல ஊர்களில் பார்க்கலாம், உள்ளே இப்போது வேறு ஏதாவது வியாபாரம் நடக்கும். பெரும்பாலும் தெருமுனையில் இருக்கும். வாசல் ஓரமாகக் குனிந்து பார்த்தால் அடிக்கல் ஒன்று தெரியும், அதில் அவருடைய பிள்ளைகளில் ஒருவர் பெயரும் வருஷமும் செதுக்கியிருக்கும். மேலே நிமிர்ந்தால் சில ஊர்களில் யானை முகம் வைத்திருப்பார்கள். மதுரைக்காரனுக்கு யானையைப் பார்த்தால் கால் தானாக நின்றுவிடும். மாடியில் பில்லியர்ட்ஸ் கூடம் வைத்திருந்தார்களாம், வேலை முடிந்து ஆட வருகிற வாலிபர்கள் கண்ணாடிக்குள் இருக்கும் சூட்டைப் பார்த்துக்கொண்டேதான் மேலே ஏற வேண்டும்.

சரி, தையலுக்கு வருகிறேன். அந்தக் கடைகளில் ரெடிமேட் மட்டும் விற்கவில்லை. பெரும்பகுதி அளவெடுத்துத் தைப்பதுதான். கடைக்காரர் டேப் பிடிப்பார், முதுகு வளைந்திருக்கிறதா, ஒரு தோள் இறங்கியிருக்கிறதா என்று பார்த்து எழுதுவார், அந்தத் தாள் லீட்ஸுக்குப் போகும், அங்கே வெட்டித் தைத்துச் சில வாரத்தில் சூட் அதே கடைக்குத் திரும்பி வரும். வெட்டுகிறவர் போடப்போகிறவரைப் பார்த்ததே இல்லை. அளவெடுப்பது, வெட்டுவது, காஜா எடுப்பது என எல்லாம் அப்பா ஒருவரே செய்து, தீபாவளிக்கு முந்தின ராத்திரி ஆளை நிற்கவைத்துப் போட்டுப் பார்ப்பார். அதைப் பார்த்த எனக்கு இந்த முறை முதலில் பிடிக்கவில்லை. அந்த அம்மா அங்கே இருந்த அத்தனை வருஷமும் தைத்தது பாக்கெட் மூடிகள் மட்டும். ஒரு முழுச் சூட்டை அவர் தைத்ததே இல்லை. ஆனால் அவர் போடுகிற ஒரு பாக்கெட் மூடியின் வளைவை என்னால் இன்றுவரை அவ்வளவு சுத்தமாகப் போட முடியவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஏன் லீட்ஸ் என்று கேட்டால், சுற்றிலும் கம்பளி நெய்கிற ஊர்கள். ஹடர்ஸ்ஃபீல்டும் பிராட்ஃபோர்டும் கூப்பிடு தூரம். இன்னொரு காரணம் ஜான் பாரன். 1842-இல் இந்த ஊருக்கு வந்த தையல் வியாபாரி. மரச்சாமான் வேலைக்கு மெல்லிய பலகை அறுக்கும் பட்டைக் கத்தி எந்திரத்தைப் பார்த்துவிட்டு, அதையே துணிக்குக் கொண்டுவந்தார். 1850-களின் கடைசியில் இது நடந்தது. துணியை அடுக்கடுக்காகப் போட்டு ஒரே இழுப்பில் வெட்டலாம் என்று ஆனதும் எல்லாம் மாறிவிட்டது. வெட்டியதைத் தைக்க ஆள் வேண்டும். ரஷ்யப் பேரரசில் அடி வாங்கித் தப்பி வந்த யூதர்கள் லேலண்ட்ஸ் பகுதியில் நெருக்கியடித்துக் குடியிருந்தார்கள், அவர்களில் பலருக்குத் தையல் தெரியும். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற ரவுண்டே பூங்காவை நகரத்துக்கு வாங்கித் தர முன்னின்றவரும் இதே பாரன்தான். தையல்காரர் ஒருவரின் பெயர் ஒரு ஊரின் பூங்காவோடு சேர்ந்து இருக்கிறது என்பதில் எனக்கு இருக்கிற சந்தோஷத்தைப் பிள்ளைகளிடம் பலமுறை சொல்லிவிட்டேன்.

2007 என்று நினைக்கிறேன். ஒரு இளைஞர் தாத்தாவின் சூட்டைக் கொண்டுவந்தார். தாத்தா இறந்துவிட்டார், அடக்கத்துக்கு அதையே போட்டுக்கொண்டு போக ஆசை, ஆனால் இடுப்பில் மூன்று அங்குலம் பற்றவில்லை. கையில் வாங்கினால் போர்வை மாதிரிக் கனம். உள் பாக்கெட்டுக்குள் விரலை விட்டு லேபிளைத் திருப்பினேன், மான்டேகு பர்ட்டன், 'ரசனையின் தையல்காரர்' என்று போட்டிருந்தது, ஆர்டர் எண், தாத்தாவின் பெயர், 1950-களில் ஒரு தேதி. மூன்று அங்குலம் நடக்காது என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, எதற்கும் பார்ப்போம் என்று பின்தையலைப் பிரித்தேன். இரண்டு பக்கமும் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் துணி விட்டிருந்தது! ஐம்பது வருஷம் வெளிச்சமே படாததால் அந்தத் துணி மட்டும் கருநீலமாக, புதுசாக இருந்தது. வெளியே தெரிந்ததெல்லாம் சாம்பல் பூத்த நீலம். அந்த அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் அந்த நீலத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய் உட்கார்ந்தார்.

அப்பா சொன்ன அதே இரண்டு விரல். ஆயிரக்கணக்கான பேர் ஆளுக்கொரு வேலையாகப் பங்கிட்டுத் தைத்த, யார் போடப்போகிறார்கள் என்றே தெரியாத சூட்டுக்குள் அது இருந்தது. ஆலை என்றால் அக்கறை இருக்காது என்று நான் வைத்திருந்த எண்ணம் அன்றைக்குத்தான் உடைந்தது. கடன் வாங்கி, தவணை கட்டி, ஒரே ஒரு சூட் எடுக்கிற சுரங்கத் தொழிலாளி அதை இருபது வருஷம் போடுவான், அவன் உடம்பு மாறும் என்று யாரோ யோசித்து, வெட்டும்போதே அந்தத் துணியை விட்டிருக்கிறார்கள்.

அதற்கப்புறம் எந்தச் சூட் வந்தாலும் முதலில் உள்ளே பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. யுத்த காலத்துப் பேன்ட் ஒன்று வந்தது, காலடியில் மடிப்பு இல்லை. 1942-இல் அரசாங்கமே மடிப்பைத் தடை செய்திருந்தது, துணி மிச்சம் பிடிக்க. சனங்கள் நீளமாகப் பேன்ட் வாங்கி வீட்டில் மடித்துத் தைத்துக்கொண்டார்களாம். ஐம்பது ஷில்லிங் தையல்காரர்கள் என்ற லேபிள் ஒன்று பார்த்தேன். விலையையே கடையின் பெயராக வைத்தவர்கள், அவர்களும் லீட்ஸ்தான். யுத்தத்துக்குப் பிறகு அந்த விலைக்குக் கொடுக்க முடியாது, 1950-களில் ஜான் காலியர் என்று பெயர் மாறிவிட்டது. 1864-இல் தொடங்கிய ஹெப்வொர்த் சூட்டுகளும் வரும், 60-களில் ஹார்டி ஏமிஸ் அவர்களுக்கு வடிவமைத்தவை. ராணிக்கு உடுப்புத் தைத்த மனிதர், கிளார்க்குகள் போடுகிற சூட்டையும் வரைந்து கொடுத்திருக்கிறார்.

பணக்காரர்களுக்குச் சூட் தைக்கிற கடைகள் இருக்கும் லண்டன் சவில் ரோ தெருவுக்கு ஒரே ஒருமுறை போனேன். நடைபாதையிலிருந்து குனிந்து பார்த்தால் கீழ்த்தளத்தில் தையல்காரர்கள் உட்கார்ந்து வேலை செய்வது தெரியும். அரைமணி நேரம் நின்றேன், உள்ளே போகவில்லை. வெட்டி மிஞ்சுகிற துணிக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் முட்டைக்கோஸ். காஜா கோணலாக வந்தால் நசுங்கிய வண்டு என்பார்கள். அப்பா கேட்டிருந்தால் அதற்கு வேறு ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்.

இப்போது எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த கடையில் விற்ற புதுக் கோட்டுகளில் நெஞ்சுப் பகுதி விறைப்பாக நிற்க உள்ளே வைக்கிற கேன்வாஸைக் கோத்துத் தைக்கவில்லை, உள்துணியைப் பசை போட்டு ஒட்டியிருந்தது. ஒரு வாடிக்கையாளர் வாங்கி மூன்றே மாதத்தில் கை நீளம் குறைக்கக் கொண்டுவந்தார். ட்ரை கிளீனிங் போட்டு வந்த கோட்டு. நான் நீராவி வைத்ததும் மார்புப் பக்கம் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. ஒட்டு விட்டுப்போன துணியை மறுபடி ஒட்டவைக்க வழியே கிடையாது. மேனேஜர் என்னை மேலே வரச் சொல்லி, வாடிக்கையாளர் முன்னால் நான் இஸ்திரியைச் சூடாக வைத்ததாகச் சொன்னார். நான் வைத்த சூடு சரிதான், எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். மன்னிப்புக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன். விசா புதுப்பிக்க வேண்டிய மாதம் அது. கீழே வந்து அந்தக் கோட்டின் முதுகுத் தையலைப் பிரித்துப் பார்த்தேன், உள்ளே கால் அங்குலம்கூட இல்லை. அந்த மனிதர் ஐந்து கிலோ கூடினால் அதைத் தூக்கிப்போடுவதைத் தவிர வழியில்லை. எனக்கு அவமானத்தை விட அதுதான் அதிகம் வலித்தது.

அந்த அம்மா அன்றைக்குத்தான் 1970 வேலைநிறுத்தத்தைப் பற்றிச் சொன்னார். பிப்ரவரி மாதம், மணிக்கு ஒரு ஷில்லிங் கூட வேண்டும் என்று கேட்டு லீட்ஸ் தையல் ஆலைகளில் இருந்த பெண்கள் வெளியே வந்தார்கள், ஒரு ஆலையிலிருந்து அடுத்த ஆலைக்கு நடந்துபோய் அங்கிருப்பவர்களையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். சங்கத் தலைவர்கள் அவர்களைக் கேட்காமலே குறைந்த கூலிக்கு ஒப்புக்கொண்டதுதான் கோபம். அவருக்கு வயது இருபது. கால் வலி நினைவிருக்கிறதாம், பாடியது நினைவிருக்கிறதாம். "நீ கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாது லவ், ஆனா போட்டதும் எனக்குப் புரியுது" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம், அவரும் அப்படித்தான் சொல்வார். ஜீன்ஸ் வந்தது, சனிக்கிழமை சினிமாவுக்குச் சூட் போடுகிற வழக்கம் போனது, வெளிநாட்டிலிருந்து மலிவாகத் தைத்து வந்தது. தெருமுனைக் கடைகளின் மனை விலை, ஆலையை விடப் பெரிய சொத்தாக ஆகிவிட்டது. 1966-இல் உலகக் கோப்பை வென்ற இங்கிலாந்து அணிக்குச் சூட் கொடுத்த பர்ட்டன், 1981-இல் தைப்பதையே நிறுத்தியது. அடுத்த வருஷம் ஹெப்வொர்த், நெக்ஸ்ட் என்ற கடையைத் திறந்தது. அது நன்றாக ஓட, 1986-இல் நிறுவனமே நெக்ஸ்ட் ஆனது, பழைய பெயர் மறைந்தது. பர்ட்டன் பெயரை வைத்திருந்த ஆர்கேடியா குழுமம் 2020 நவம்பரில் விழுந்தது. 2021-இல் இணையத்தில் உடுப்பு விற்கும் பூஹூ நிறுவனம் அந்தப் பெயரை மட்டும் வாங்கியது, கடைகளை வாங்கவில்லை. இணையத்தில் தேடினால் பர்ட்டன் இருக்கிறது, தெருவில் இல்லை. ஒரு பெயரை அதன் கடையிலிருந்தும் கையிலிருந்தும் பிரித்து எடுத்து விற்க முடியும் என்பது எனக்கு இன்னும் மனதுக்கு ஒப்பவில்லை.

எங்கள் கடையும் அதே 2020-இல் மூடிவிட்டது. அந்த அம்மா அதற்கு எட்டு வருஷம் முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். நான் இப்போது வீட்டின் முன்னறையில் தைக்கிறேன். கல்யாண சீசனில் எங்கள் ஆட்கள் வருகிறார்கள், மற்ற நாட்களில் பழைய உடுப்பு தேடிப் போடுகிற இளம் பிள்ளைகள் வருகிறார்கள், அவர்களுக்கு இந்த லேபிள்களெல்லாம் என்னை விட நன்றாகத் தெரிகிறது.

போன வாரம் ஒரு பெண் பழைய பர்ட்டன் பேன்ட் ஒன்று கொண்டுவந்தார், சேரிட்டி கடையில் எடுத்ததாம், அவருக்கு இடுப்பைப் பிடிக்க வேண்டும். பின்தையலைப் பிரித்து விளக்குக்கு நேராகப் பிடித்தேன். உள்ளே விட்ட துணியில் மூன்று வரிசை ஊசித் துளைகள் இருந்தன. முதல் வரிசை ஆலையில் போட்டது, நேர்கோடு. இரண்டாவது வெளியே தள்ளியிருந்தது, கைத்தையல், முன்பு அதைப் போட்டிருந்தவருக்கு வயிறு போட்ட காலமாக இருக்கும். மூன்றாவது மறுபடி உள்ளே வந்திருந்தது, ஆலைக்கோட்டையும் தாண்டி, உடம்பு மெலிந்த பிறகு யாரோ பிடித்துக் கொடுத்தது. துணி இன்னும் பலமாகத்தான் இருந்தது. சாக்குக்கட்டியை எடுத்து நான்காவது கோட்டை வரைந்தேன்.