சோயா மெழுகும் கத்திரி வெயிலும்: ஒரு நாட்குறிப்பு

ஏப்ரல் 20, 2024

கோடை விடுமுறைக்குக் கேட்டிருந்த ஜாடி மெழுகுவர்த்திகளுக்காக இன்று காலை சோயா மெழுகுச் செதில்களை உருக்கினேன். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரத்தை இறக்கி வைத்து உருக்கி, வெப்பமானி 80 டிகிரியைத் தாண்டியதும் கிலோவுக்கு 80 கிராம் கணக்கில் வெட்டிவேர் வாசனை எண்ணெய் சேர்த்து, குமிழி எழாமல் மெதுவாகக் கலக்கி, சூடு 60 டிகிரிக்கு இறங்கிய பிறகு திரி ஒட்டிய ஜாடிகளில் ஊற்றினேன்.

வாங்குகிறவர்கள் பலர் இதைத் தேன்மெழுகைப் போல இயற்கையாகவே கிடைக்கும் பொருள் என்று எண்ணுகிறார்கள். இது கெட்டியாக்கப்பட்ட சோயா எண்ணெய். நிக்கல் வினையூக்கியின் உதவியோடு எண்ணெயில் ஹைட்ரஜனைச் சேர்க்கும்போது, திரவமாக இருந்தது அறைச் சூட்டில் உறைந்து நிற்கும் கொழுப்பாக மாறிவிடுகிறது. நம் வீடுகளில் டால்டா என்ற பெயரில் புழங்கிய வனஸ்பதியும் இந்த முறையில் உருவானதுதான். சோயா பெருமளவில் விளையும் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், தேன்மெழுகுக்கு விலை குறைந்த மாற்றைத் தேடிய மைக்கேல் ரிச்சர்ட்ஸ் 1990களின் தொடக்கத்தில் சோயாவைக் கொண்டு மெழுகுவர்த்தி செய்தார். பெட்ரோலியத்திலிருந்து வரும் பாரபினைவிடச் சோயா மென்மையானது. ஜாடிக்கென்று விற்கப்படும் வகைகள் 50 டிகிரிக்குள்ளாகவே உருகிவிடும். இது கொழுப்பு என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால், இதை எப்படி வைத்திருக்க வேண்டும், எப்படி ஏற்ற வேண்டும் என்பவை எல்லாம் தாமாகவே விளங்கிவிடும்.

ஊற்றியவற்றை இரண்டு வாரம் மூடி வைக்கப் போகிறேன். மெழுகின் படிகங்கள் முழுவதுமாக அமைந்து முடிந்த பிறகு ஏற்றினால்தான் வாசனை அறை முழுவதும் நிறைகிறது. நாளைக்கே வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லித்தான் பொறுமை கேட்கிறேன்.

ஏப்ரல் 25

மஞ்சள் நிறமிட்ட ஜாடிகளின் ஓரத்தில் வெள்ளைப் பூப்பூவாகப் படர்ந்திருக்கிறது. பூஞ்சையோ என்று பயப்பட வேண்டியதில்லை. கொழுப்பு ஒருமுறை உறைந்ததோடு அமைதியடைவதில்லை. அதன் மூலக்கூறுகள் நாள்போக்கில் இன்னும் நிலையான படிக அடுக்குக்கு மாறுகின்றன, அந்த மாற்றமே வெண்படலமாகக் கண்ணுக்குத் தெரிகிறது. எரிவதிலும் வாசனையிலும் இதனால் குறையேதும் வருவதில்லை. நிறமில்லாத மெழுகில் இது தெரியாது என்பதால், நான் பெரும்பாலும் இயல்பான பால் நிறத்தையே விரும்புகிறேன். கண்ணாடியை ஒட்டி ஆங்காங்கே ஈரம் போலத் தெரியும் திட்டுகள் வேறு வகை. அவை மெழுகு சுருங்கிக் கண்ணாடியிலிருந்து விலகிய இடங்கள் மட்டுமே.

மே 5

நேற்று அக்னி நட்சத்திரம் தொடங்கியது. சென்னையில் மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் வீடுகளில் பிற்பகல் அலமாரிகூடச் சுடுகிறது. முன்பு வாங்கிய ஒரு பெண் தொலைபேசியில் கேட்டார்: "மெழுகு வேர்த்திருக்கு அக்கா, கெட்டுப்போச்சா?" கெடவில்லை. சூட்டில் கொழுப்பு இளகும்போது அதில் பிணைந்திருந்த வாசனை எண்ணெய் கொஞ்சம் வெளியேறி மேற்பரப்பில் துளிகளாக நிற்கிறது. மெல்லிய தாளால் ஒற்றி எடுத்துவிட்டு, சூடு தணிந்த நேரத்தில் ஏற்றலாம். துளிகளோடு அப்படியே ஏற்ற வேண்டாம் என்று அவரிடம் சொன்னேன்.

மூடியைப் போட்டு, வெயில் படாத கீழ்த்தட்டில் வைப்பதே கோடைக்குப் போதுமான பாதுகாப்பு. வெளிச்சம் நேரடியாகப் பட்டால் மெழுகு பழுப்பேறும். குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது நல்ல யோசனை போலத் தோன்றினாலும், சட்டென்று சுருங்கும் மெழுகு விரிசல் விடும், கண்ணாடியை விட்டு விலகும். நிறுத்தி வைத்த காருக்குள் விட்டுவிட்டால், மாலையில் முழு ஜாடியும் உருகிப் போய், திரி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

மே 11

இரண்டு வாரம் கடந்த ஜாடியை இன்று முதன்முதலாக ஏற்றி, பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். முதல் ஏற்றலைப் போல முக்கியமானது இந்த மெழுகின் ஆயுளில் வேறொன்றும் இல்லை என்று உறுதியாக நம்புகிறேன்.

ஏற்றியதும் சுடர் சிறிது நேரம் குன்றி, திரியடியில் மெழுகு நனைந்ததும் நிமிர்ந்தது. திரியைச் சுற்றி நாணயம் அளவுக்குக் கண்ணாடி போலத் தெளிந்த உருகல் தோன்றி, அதன் விளிம்பு வெள்ளை மெழுகைக் கரைத்தபடி கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் விரிந்துகொண்டே போனது. ஜாடியின் வாய் ஏழரை சென்டிமீட்டர். விட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஒரு மணி நேரம் என்பது பொதுவான கணக்கு. அதன்படியே மூன்று மணி நேரம் நெருங்கும்போது உருகல் கண்ணாடியைச் சுற்றிலும் தொட்டது. அதற்கு முன்பே அணைத்திருந்தால், ஓரத்தில் உருகாமல் நின்ற வளையம் அப்படியே இறுகி, அடுத்தடுத்த முறையும் சுடர் நடுவில் மட்டும் கிணறு தோண்டிக்கொண்டே இறங்கும். பாதி மெழுகு வீணாகும். ஏற்கெனவே அப்படிக் குழி விழுந்த ஜாடி இருந்தால், வாய்ப்புறத்தை அலுமினியத் தாளால் சுற்றி, நடுவில் துளை விட்டு, அருகிலேயே இருந்து ஒரு மணி நேரம் எரிய விட்டால் ஓர மெழுகும் இளகும்.

ஆகவே மூன்று மணி நேரம் வீட்டில் இருக்கும் நாளில்தான் புது ஜாடியை ஏற்ற வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு மேல் எரிய விடவும் கூடாது. திரி தடித்து, கண்ணாடி தொட முடியாதபடி சுடும். இந்த மாதத்தில் மின்விசிறி இல்லாமல் உட்கார முடியாது என்பது உண்மைதான், ஆனால் விசிறிக்காற்றில் சுடர் சாய்ந்தால் ஒரு பக்கம் மட்டும் உருகும், புகையும் எழும். காற்று நேரே படாத மூலையும், திரைச்சீலையும் குழந்தையின் கையும் எட்டாத உயரமும் வேண்டும்.

மே 19

சோயா மெழுகு புகையே விடாது என்று எழுதி விற்பதை நான் ஏற்கவில்லை. எரிகிற எந்த மெழுகும் திரி நீண்டால் கரி விடும். குத்துவிளக்கில் கருகிய நுனியை எடுத்துவிட்டு ஏற்றுவது நம் வீடுகளில் பழகிய வேலை, அதுவே இங்கும். ஒவ்வொரு முறையும் ஏற்றுமுன், மெழுகு ஆறியிருக்கும்போது, 6 மில்லிமீட்டர் விட்டு மீதியை வெட்டுகிறேன். நுனியில் காளான் குடைபோல் திரளும் கரிக்கட்டி உருகலுக்குள் விழுந்தால், எடுத்துவிட வேண்டும். திரியும் கவனிக்க வேண்டியது: விறைப்புக்காக ஈயக் கம்பி வைத்த திரிகளை அமெரிக்கா 2003-இல் தடை செய்தது. நான் பயன்படுத்துவது கம்பியில்லாத பருத்தித் திரி.

ஊதி அணைத்தால் எழும் வெண்புகை, எரியாத மெழுகு ஆவிதான். லண்டனில் 1860 கிறிஸ்துமஸ் விடுமுறையில் இளையோருக்குப் பேசிய அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடே, அந்தப் புகையின் மேல் நெருப்பைக் காட்டி, சுடர் காற்றின் வழியாகவே திரிக்குத் தாவி இறங்குவதைச் செய்து காட்டினார். நான் ஊதுவதில்லை. சிறு கம்பியால் திரியை உருகலில் சாய்த்து அணைத்து உடனே நிமிர்த்தி விடுகிறேன். புகை வராது, மெழுகில் நனைந்த திரி மறுமுறை எளிதில் பற்றும். எப்போதாவது சுடர் கட்டுமீறி எழுந்தால் மூடியைப் போட்டு அணைக்க வேண்டும். தண்ணீர் ஊற்றவே கூடாது. காயும் எண்ணெயில் தண்ணீர் பட்டது போலத் தீ தெறிக்கும்.

ஜூன் 2

ஜாடியின் அடியில் ஒரு சென்டிமீட்டர் மெழுகு இருக்கும்போதே நிறுத்திவிட்டேன். அதற்குக் கீழே எரிந்தால் சூடு நேராகக் கண்ணாடியின் அடியில் இறங்கி, அது விரிசல் விடக்கூடும். மிச்சத்தை எடுக்க, ஜாடியை வெந்நீர்ப் பாத்திரத்தில் சற்று நேரம் வைத்து, இளகிய மெழுகை வழித்துப் பழைய செய்தித்தாளில் கொட்டினேன். கழுவுதொட்டியில் ஊற்றினால் குழாயில் போய் உறைந்து அடைத்துக்கொள்ளும். உள்ளே ஒட்டியிருந்த பிசுக்கு, வெந்நீரும் பாத்திரம் கழுவும் திரவமும் பட்டதும் போய்விட்டது. கழுவிய ஜாடியை நான் பொத்தான், ஊசிநூல் போன்றவை போட்டு வைக்கவே பயன்படுத்துகிறேன், தின்பண்டத்துக்கு அல்ல. மறுபடியும் மெழுகு ஊற்றித் தரச் சொல்லி ஜாடியைத் திருப்பித் தருபவர்களிடம், முதலில் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து அடியில் மயிரிழைக் கீறல் இருக்கிறதா என்று கவனிக்கச் சொல்கிறேன். கீறல் இருந்தால் அதில் நான் ஊற்றுவதில்லை.