சயாம் ரயிலுக்குப் போன பெரிய தாத்தாவைத் தேடியபோது

என் தாத்தாவின் அண்ணனை 1943இல் மலாயாவின் பேராக் மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து, ஜப்பானியர்கள் போர்க்காலத்தில் தாய்லாந்திலிருந்து பர்மாவுக்குப் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பவில்லை. வீட்டில் தெரிந்தது அவ்வளவுதான்.

முதலில் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையத் தேடலில் பார்த்தேன். போரில் இறந்த பொதுமக்களுக்கும் அங்கே பதிவேடு உண்டு. ஆனால் பெரும்பாலும் பிரிட்டனில் குண்டுவீச்சில் இறந்தவர்கள். அந்தப் பாதை ஓரத்தில், தாய்லாந்தின் காஞ்சனபுரி கல்லறையில் கிட்டத்தட்ட 7,000 பேர் இருக்கிறார்கள், அத்தனை பேரும் போர்க்கைதிகள். கைதிகளோடு அவர்களுடைய அதிகாரிகளும் அடைபட்டிருந்ததால், யார் செத்தார்கள் என்று ஒளித்தாவது எழுதி வைத்தார்கள். தோட்டங்களிலிருந்து போன நம் ஆட்களின் முகாமில் எழுத யாரும் இல்லை. காலரா வந்தால் மொத்தமாகப் புதைத்தார்கள்.

சரி, செத்தவரைத் தேடி ஆகாது, இருந்தவர்களைத் தேடுவோம் என்று திரும்பினேன். தோட்டம் பல கை மாறிவிட்டது, தொழிலாளர் பெயர்ப் பதிவேடான பழைய செக்ரோல் எதுவும் மிஞ்சவில்லை. கைகொடுத்தது பெரிய தாத்தாவின் கடைசி மகளின் பிறப்புப் பத்திரம். அதில் ஆண்டு 2603 என்று இருந்தது. ஒரு அலுவலகத்தில் தப்பான ஆண்டு என்று சொல்லி அதைத் திருப்பியே கொடுத்துவிட்டார்கள்! ஜப்பான் காலத்துப் பத்திரங்களில் ஜப்பானிய ஆண்டுதான் போடுவார்கள். 660ஐக் கழித்தால் 1943. அதைவிட முக்கியம், தகவல் கொடுத்தவர் என்ற கட்டம். அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தாய்மாமன் பெயர். ஏப்ரலில் பதிவாகியிருக்கிறது. அதற்குள் அவர் போய்விட்டார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

அப்புறம் கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகம். ஆள் பெயரைப் போட்டால் ஒன்றும் வராது, தோட்டத்தின் பெயரையும் மாவட்டத்தையும் போட்டுத் தேட வேண்டும். போருக்குப் பிந்திய கடிதம் ஒன்று கிடைத்தது. போனவர்கள் இத்தனை, வந்தவர்கள் இத்தனை என்று வெறும் எண்ணிக்கை. உரம் வாங்கிய கணக்குக்குக்கூட அதைவிட விவரம் எழுதியிருந்தார்கள்.

இடம் தெரிந்தது அத்தையிடம்தான். எப்போது இறந்தார் என்று கேட்டபோதெல்லாம் தெரியாது என்றவர், பெரிய பாட்டி எப்போது தாலியைக் கழற்றினார் என்று கேட்டதும் கடகடவென்று சொன்னார். 1946இல், பக்கத்து லயத்துக்காரர் (தோட்டத்து வரிசை வீட்டில் இருந்தவர்) திரும்பி வந்து, பர்மா எல்லைக்குப் பக்கத்தில் இருந்த நீக்கே முகாமில் காலராவில் போய்விட்டார் என்று சொன்ன பிறகு. நாள் தெரியாததால் ஆடி அமாவாசையில்தான் திதி கொடுத்தார்களாம்.

சிங்கப்பூரிலிருந்து அந்தப் பக்கம் கொண்டுபோகப்பட்ட போர்க்கைதிகளில் 'எஃப்' படை என்று ஒரு பிரிவு இருந்தது. 1943 மே, ஜூனில் அங்கே காலரா பரவியதையும் பக்கத்துத் தமிழ்க் கூலி முகாம்களின் நிலையையும் அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் ஆட்களின் சாவுக்கு வெள்ளைக்காரக் கைதியின் குறிப்பேடுதான் சாட்சி.

வம்சாவளியில் '1943 நடுவில், நீக்கே. வாய்மொழித் தகவல்' என்று எழுதியிருக்கிறேன். யார் சொன்னது என்பதையும் பக்கத்திலேயே குறித்துவிட்டேன். அந்த லயத்துக்காரரின் பிள்ளைகள் சுங்கை சிப்புட்டில் இருப்பதாகக் கேள்வி, அடுத்து அவர்களைப் பார்க்க வேண்டும்.