மணியின் துளையையும் படம் பிடியுங்கள்

கண்ணாடி மணியின் நிறத்தைப் படம் பிடிக்க எல்லோருக்கும் ஆசை. துளையைப் படம் பிடிக்கத்தான் மனம் வருவதில்லை. ஆனால் வேலை எப்படி நடந்தது என்பதைக் காட்டிக்கொடுப்பது துளையின் இரண்டு வாய்களும்தான்.

சுடரில் உருக்கிய கண்ணாடியைக் கம்பியில் சுற்றித்தான் இந்த மணி உருவாகிறது; கம்பி இருந்த இடமே துளை. கம்பியில் கண்ணாடி அகலமாகப் பரவி, அதற்கேற்ற பருமன் இல்லாவிட்டால் வாய் கூராக நீளும். அந்தக் கூர் நூலை அறுக்கும், தானும் சில்லாக உடையும். இன்னும் ஒரு சுற்றுக் கண்ணாடி சேர்த்து உருக்கினால் வாய் உள்நோக்கிக் குழிந்து வழவழப்பாகும். 2.4 மில்லிமீற்றர் ஸ்டெயின்லெஸ் கம்பிதான் வழக்கம். அதில் பூசும் களிப்பூச்சு ஈரமாக இருக்கும்போதே சுடரில் காட்டினால் வெடித்து உதிரும், மணி கம்பியோடு ஒட்டிவிடும். மழைக்காலத்து நுவரெலியாவில் ஓர் இரவு வைத்தும் அது உலராது. சூடு தணியும் சூளையின் மேல் வைப்பது நல்லது. துளைக்குள் எஞ்சும் பூச்சை வைர அரத்தால், தண்ணீரில் நனைத்தபடியே தேய்க்க வேண்டும். அந்தத் தூசு நெஞ்சுக்கு ஆகாது.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் காற்றழுத்தம் கடலோரத்தில் உள்ளதில் ஏறத்தாழ 80 வீதம்தான். கொழும்பில் பழகிய, சுடர்க் கருவியின் திருகு குமிழ் அளவை நம்பாமல் சுடரைப் பார்த்தே ஒட்சிசனைத் திருத்த வேண்டும். ஒட்சிசனைவிடக் காஸ் மிஞ்சினால் செப்புக் கலந்த நீலப்பச்சைக் கண்ணாடியின் மேல் செம்மண் நிறத் தோல் படியும்.

செய்த மணியைச் சூளையில் ஆறவிட வேண்டும். இத்தாலியின் முரானோ வகை மென்கண்ணாடிக்குச் சூளையில் 510 முதல் 520 பாகை செல்சியஸ். சிறு மணிகளை அரை மணி நேரமாவது அந்தச் சூட்டில் வைத்து, பிறகு மெல்ல மெல்ல இறக்க வேண்டும். நடுவில் கரண்ட் போனால் கதவைத் திறக்கக்கூடாது. வந்ததும் மெதுவாகச் சூடேற்றி முதலிலிருந்து தொடங்கலாம். சாம்பலில் புதைத்து ஆறவிட்டால் போதும் என்பார்கள். அது மணி உடனே வெடிக்காமல் காக்குமே தவிர, சீரில்லாமல் ஆறும்போது கண்ணாடிக்குள் தங்கிவிடும் உள்ளிறுக்கத்தை எடுக்காது.

இனிப் படம். மூட்டம் போட்ட காலை வெளிச்சம் பெரிய வரம் என்பது பாதி உண்மை. கடும் நிழல் விழாது. ஆனால் கீறல், சிறு குழி, குளிர்ந்த கருவி பட்ட சுருக்கம் எல்லாவற்றையும் அந்த வெளிச்சமே மறைத்துவிடும். ஆகவே பக்கத்திலிருந்து ஒரு சின்ன விளக்கை அடித்து இரண்டாவது படம் எடுக்க வேண்டும். கடும் ஊதா மணியை ஜன்னலுக்கு எதிரே பிடித்தால் பழரசமாக ஒளிரும், கழுத்தில் போட்டால் கறுப்பு. இரண்டையும் காட்டுவதுதான் நியாயம். நியோடிமியம் என்ற உலோகம் கலந்த கண்ணாடி வெயிலில் இளவூதா, டியூப்லைட்டில் நீலம். அதற்கும் இரண்டு படம். சிவப்பு மணிக்கு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைக்காவிட்டால் கோலமெல்லாம் ஒரே திட்டாகிவிடும். 12 மில்லிமீற்றர் மணி திரை நிறையத் தெரியும் என்பதால் பக்கத்தில் அடிமட்டம் இருக்கட்டும். மங்கலாக்கிய மணியில் எண்ணெய் தடவி எடுப்பதை மட்டும் மன்னிக்க முடியாது. உலர்ந்ததும் அந்த நிறம் இருக்காது.

உள்ளிறுக்கத்தைச் சாதாரணப் படம் காட்டாது. வெள்ளைத் திரையோடு எரியும் எல்சிடி கணினிக்கு முன்னால் மணியைப் பிடித்து, போலரைஸ்ட் வெயில் கண்ணாடியைத் திரை கறுக்கும்வரை திருப்பிப் பார்த்தால், இறுக்கம் உள்ள இடம் வெளிச்சத் திட்டாகத் தெரியும். அந்தக் கண்ணாடி வழியாகவே படமும் எடுக்கலாம். ஒளிபுகாத மணிக்கு இது உதவாது. அதற்குச் சூளையின் வெப்பநிலையையும் நேரத்தையும் படத்தின் கீழ் எழுதிவிட வேண்டியதுதான்.